சித்திக்கு யார் சொல்வது?

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் உள்ள முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகளை (கி.பி. 919, 921) குடவோலை முறைக்காக நாடே கொண்டாடுகிறது. 30 குடும்பு, கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், 35 முதல் 70 வரை வயது என்ற விதிகள் பள்ளிப் பாடத்திலேயே வந்துவிடுகின்றன. அதே சுவரில் அதிகம் பேசப்படாத விதி ஒன்றும் இருக்கிறது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயரை மறுபடி ஓலையில் எழுதக் கூடாது. அவருடைய உறவினர் பெயரையும் எழுதக் கூடாது. உறவினர் என்றால் யார் யார் என்பதை அந்தச் சபை பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகவில்லை. தாயின் அக்காள் தங்கை மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், தாயோடு பிறந்தவன், தகப்பனோடு பிறந்தவன், உடன்பிறந்தவன், மாமனார், மைத்துனன், உடன்பிறந்தாள் கணவன், அவள் மக்கள், மருமகன், தகப்பன், மகன் என்று ஒவ்வொருவராகக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறது.

பெண்களையும் சேர்த்து, திருமணத்தால் வந்த உறவுகளை எடுத்துவிட்டால், இன்று மரபுவழிப் புற்றுநோய் ஆலோசகர் ஒரு நோயாளியிடம் கேட்டு வரைகிற உறவுப் படம் ஏறக்குறைய இதுதான். அந்தத் திருமண உறவுகளைக்கூட இங்கே சுலபமாக எடுத்துவிட முடியாது. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி (2019-21) தமிழ்நாட்டில் நூற்றில் சுமார் 28 பெண்கள் சொந்தத்தில் மணமுடித்தவர்கள். மாமனாரே தாய்மாமனாக இருக்கும் வீட்டில் ரத்த உறவு எங்கே முடிகிறது, சம்பந்தி உறவு எங்கே தொடங்குகிறது என்று யார் கோடு போடுவது?

இந்தச் சொற்பொழிவின் பொருள் அந்தப் படத்தில் உள்ளவர்களுக்கு ஒரு சேதி போய்ச் சேர்வதைப் பற்றியது. சேராமல் போனால் என்ன செலவாகிறது, சேர்ப்பதற்கு என்ன செலவாகும் என்ற கணக்கைப் பற்றியது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். புற்றுநோய்களில் பெரும்பாலானவை மரபுவழி வருபவை அல்ல. காஞ்சிபுரத்தில் பிறந்த அறிஞர் அண்ணா 1969 பிப்ரவரி 3 அன்று உணவுக்குழாய்ப் புற்றுநோயால் மறைந்தார். காரப்பேட்டையில் அவர் பெயரைத் தாங்கி நிற்கும் அரசு மருத்துவமனைக்கு வருகிறவர்களிலும் பெரும்பாலோரின் நோய்க்குப் பிறவி மரபணு காரணமல்ல. எல்லாப் புற்றுநோயிலும் நூற்றில் ஐந்து முதல் பத்து வரைதான் பெற்றோரிடமிருந்து வந்த மரபணுக் கோளாறால் வருவது. ஆனால் 2022-ஆம் ஆண்டுக்கான உலகப் புற்றுநோய் மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஓராண்டில் புதிதாக நோய் கண்டவர்கள் சுமார் 14 லட்சம் பேர். அதில் ஐந்து சதவீதம் என்றாலே 70 ஆயிரம். அந்த 70 ஆயிரம் பேருக்கும் அக்காள், தம்பி, மகள், சித்தி இருக்கிறார்கள்.

பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்ற இரு மரபணுக்களும் இதில் அதிகம் அறியப்பட்டவை. மேரி கிளேர் கிங் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1990-இல் முதலாவதன் இருப்பிடம் 17-ஆம் குரோமோசோம் என்று காட்டினார். இவற்றில் கோளாறு உள்ள பெண்களுக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு நூற்றுக்குச் சுமார் 70 என்று 2017-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. சினைப்பைப் புற்றுநோய்க்கு அது பிஆர்சிஏ1-இல் 44, பிஆர்சிஏ2-இல் 17. யூதர்களிடையே பரவலாக அறியப்பட்ட ஒரு பிஆர்சிஏ1 கோளாறு தென்னிந்தியக் குடும்பங்களிலும் திரும்பத் திரும்பப் பதிவாகியிருக்கிறது. கோளாறு உள்ளவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும், ஆணோ பெண்ணோ, அது வந்திருக்கும் வாய்ப்பு சரிபாதி. தகப்பன் வழியாகவும் வரும். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். "பொம்பளைங்க நோய்தானே" என்று ஒதுங்கும் அண்ணன், தன் மகளுக்கு அதைத் தந்திருக்கலாம். பிஆர்சிஏ2 கோளாறு இருந்தால் அவருக்கே புராஸ்டேட், கணையம், அரிதாக மார்பகம் ஆகியவற்றில் புற்றுநோய் வரக்கூடும்.

பெருங்குடலிலும் கருப்பையிலும் நோய் தரும் லிஞ்ச் நோய்க்குறி இதற்கு அடுத்தது. அதன் கதை ஒரு தையல்காரப் பெண்ணிடம் தொடங்குகிறது. 1895-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பாலின் கிராஸ் என்ற அந்தப் பெண், ஆல்டிரெட் வார்த்தின் என்ற நோயியல் பேராசிரியரிடம் தன் குடும்பத்தில் குடலிலோ கருப்பையிலோ புற்று வந்தே பலர் இறந்திருக்கிறார்கள், தானும் அப்படித்தான் போவேன் என்று சொன்னார். அப்படியே கருப்பைப் புற்றுநோயில் இறந்தார். வார்த்தின் அவர் சொன்னதைத் தள்ளிவிடாமல் உறவுகளைத் தேடிக் குறித்துவைத்து 1913-இல் வெளியிட்டார். ஹென்றி லிஞ்ச் என்ற மருத்துவர் பிற்காலத்தில் அதே குடும்பத்தை மறுபடி எடுத்து ஆராய்ந்தார். அந்தக் குடும்பத்தில் உள்ள எம்எஸ்எச்2 மரபணுக் கோளாறு 2000-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. ஐந்து ஆண்டுகள் கழித்து வந்த கட்டுரை 900-க்கும் மேற்பட்ட வழித்தோன்றல்களைக் கணக்கெடுத்திருந்தது. மரபணு என்ற சொல்லே புழக்கத்துக்கு வராத காலத்தில், தன் வீட்டுச் சாவுகளைக் கணக்கு வைத்திருந்த ஒரு பெண் கொடுத்த தகவல் அது.

நம் பக்கத்தில் இந்தக் கணக்கு ஏன் எளிதில் கிடைப்பதில்லை என்பதற்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வீடே சாட்சி. அவருடைய தங்கைக்கு மலக்குடலில் வந்த புற்றுநோய் வயிற்றுக்கடுப்பு என்று தவறாகக் கணிக்கப்பட்டு, உண்மை தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. இளவயதில் இறந்த அந்தத் தங்கையின் நினைவுதான் 1954-இல் அடையாறு புற்றுநோய் நிலையமாக உருவெடுத்தது. சென்னையின் முன்னணி மருத்துவர் ஒருவரின் வீட்டிலேயே நோயின் பெயர் தெரியாமல் இருந்தது என்றால், கிராமத்து வீடுகளில் எத்தனை சாவுகள் பெயரில்லாமல் போயிருக்கும்? பாட்டி எப்படி இறந்தார் என்று கேட்டால் "வயித்துல நீர் கோத்துச்சு" என்பார்கள். பெரியம்மாவுக்கு "மார்ல கட்டி, வெளியில சொல்லல". அத்தைக்கு "சாப்பிட முடியாம இளைச்சுப் போச்சு". நீர் கோத்தது சினைப்பைப் புற்றுநோயாக இருந்திருக்கலாம், ஈரல் நோயாகவும் இருந்திருக்கலாம். இந்த வாக்கியங்களைக் காது கொடுத்துக் கேட்டு, எந்த வயதில், எந்த ஆண்டில் என்று பொறுமையாகப் பிரித்தெடுக்க ஓர் ஆள் வேண்டும்.

இனி பணக் கணக்கு. வருமுன் காப்பது மலிவு என்று பொதுவாகச் சொல்வதில் பயனில்லை. எல்லா நேரத்திலும் அது உண்மையும் அல்ல. எல்லாப் பெண்களுக்கும் பிஆர்சிஏ பரிசோதனை செய்தால் லாபமா என்று பல நாடுகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2020-இல் வெளிவந்தது. பிரிட்டன், அமெரிக்கா, நெதர்லாந்து மட்டுமல்ல, சீனா, பிரேசிலுக்கும் அது கட்டுப்படியாகும் என்றது. இந்தியாவுக்கு அன்றைய விலையில் கட்டுப்படியாகாது. ஒரு பரிசோதனையின் விலை சுமார் 172 டாலருக்குக் கீழே வந்தால்தான் கணக்கு நேராகும் என்றது. ஊர் முழுக்க ரத்தம் எடுப்பது நமக்கு இப்போதைக்கு வழியல்ல.

வழி வேறு பக்கம் இருக்கிறது. கணக்குக்காக ஒரு முழுப் பரிசோதனை 15,000 ரூபாய் என்றும், பொதுமக்களில் 400 பேருக்கு ஒருவருக்குக் கோளாறு இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். கண்ணை மூடிக்கொண்டு தேடினால் ஒருவரைக் கண்டுபிடிக்க 60 லட்சம் ரூபாய் ஆகும். ஆனால் ஒரு நோயாளிக்கு இன்ன இடத்தில் கோளாறு என்று தெரிந்த பிறகு, அவருடைய தங்கைக்கு அந்த ஓரிடத்தை மட்டும் பார்த்தால் போதும். அதற்குச் சில ஆயிரம் ரூபாய்தான். 5,000 என்று வைத்துக்கொண்டால், இரண்டு பேரைப் பார்த்தால் சராசரியாக ஒருவர் கிடைப்பார். ஆக 10,000 ரூபாய். அறுபது லட்சத்துக்கும் பத்தாயிரத்துக்கும் உள்ள இந்த இடைவெளியை உண்டாக்கியது எந்தப் புதிய இயந்திரமும் அல்ல. "எனக்கு இப்படி இருக்கிறது, நீயும் பார்த்துக்கொள்" என்று தங்கையிடம் சொன்ன ஒரு வாய்ச்சொல்.

அந்த வாய்ச்சொல்தான் பாதி வழியில் நின்றுவிடுகிறது. உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2022-இல் வெளியான ஒரு பகுப்பாய்வின்படி, உறவினருக்குச் சொல்லும் பொறுப்பை நோயாளியிடமே விட்டுவிட்டால் நூறு உறவினரில் சுமார் 35 பேர்தான் ஆலோசனைக்கு வருகிறார்கள். நோயாளியின் சம்மதத்தோடு மருத்துவக் குழுவே நேராகத் தொடர்புகொண்டால் அது 63 ஆகிறது. அதிகமாக வரும் இந்த 28 பேரும் பரிசோதனை செய்துகொண்டால், நெருங்கிய ரத்த உறவினர் என்ற அளவில், 14 பேரிடம் கோளாறு தெரியவரும். நூறு உறவினரைத் தேடிப் பேச ஓர் ஆலோசகரின் மாதச் சம்பளமும் போக்குவரத்தும் சேர்ந்து 60,000 ரூபாய், 28 பரிசோதனைக்கு 1,40,000 ரூபாய் என்றால், ஆளுக்குச் சுமார் 14,300 ரூபாய். இதன் அருகில் இன்னொரு தொகையை வைத்துப் பார்க்க வேண்டும். தேசிய மாதிரி ஆய்வின் 75-ஆம் சுற்றில் (2017-18), புற்றுநோய்க்காக ஒருமுறை தனியார் மருத்துவமனையில் சேர்ந்ததற்கான சராசரிச் செலவு சுமார் 93,000 ரூபாய். அரசு மருத்துவமனையிலேயே சுமார் 22,500. இது ஒருமுறை சேர்ந்ததற்கு மட்டும். புற்றுநோய்க்கு ஒருமுறை சேர்ந்து திரும்புகிறவர் யார்?

இந்தப் புள்ளிவிவரத்தில் வராத இழப்பு அதைவிடப் பெரிது. 42 வயதுப் பெண் ஒருத்தி படுத்துவிட்டால் நடவும் களையெடுப்பும் மாடும் நூறு நாள் வேலையும் நின்றுபோகின்றன. ஒரகடத்துத் தொழிற்சாலை வண்டியில் ஏறிப் போய்க்கொண்டிருந்த மகள், அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேலையை விடுகிறாள். நகை அடகுக்குப் போகிறது, பிறகு மனை. தறி இருக்கும் வீடென்றால் பாவு சுற்றவும் நூல் இழைக்கவும் கை குறைகிறது. பொருளாதார ஆய்வுகள் சமூகக் கண்ணோட்டம் என்ற பெயரில் இவற்றில் கொஞ்சத்தைச் சேர்த்துக்கொள்கின்றன. அந்த வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் முழுத்தொகை தெரியும்.

சேதி கிடைத்தால் என்ன செய்ய முடியும் என்பதும் வெறும் நம்பிக்கை அல்ல. பின்லாந்தில் லிஞ்ச் குடும்பங்களை 15 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை குடல் உள்நோக்கிப் பரிசோதனை செய்துகொண்டவர்களிடம் பெருங்குடல் புற்றுநோய் 62 சதவீதம் குறைந்திருந்தது. அதே நோய்க்குறி உள்ளவர்கள் ஆஸ்பிரின் மாத்திரையைத் தொடர்ந்து எடுத்துக்கொண்டால் பல ஆண்டுகள் கழித்துக் குடல் புற்றுநோய் ஏறக்குறையப் பாதியாகிறது என்பதைப் பிரிட்டனிலிருந்து நடத்தப்பட்ட இன்னொரு ஆய்வு காட்டியது. (மருத்துவர் சொல்லாமல் யாரும் இதைத் தொடங்கக் கூடாது.) பிஆர்சிஏ1 உள்ள பெண் பிள்ளைப்பேறு முடிந்து, 35-லிருந்து 40 வயதுக்குள் சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் அகற்றிக்கொண்டால் சினைப்பைப் புற்றுநோய் வாய்ப்பு சுமார் 80 சதவீதம் குறைகிறது. அதற்கு அபூர்வமான கருவிகள் தேவையில்லை. அரசுப் பெரிய மருத்துவமனையின் மகப்பேறு அறுவை அரங்கம் போதும்.

இன்னொரு ஆதாயத்தைப் பலரும் கணக்கில் சேர்ப்பதில்லை. பரிசோதிக்கும் நெருங்கிய உறவினரில் பாதிப் பேருக்கு "உனக்கு இல்லை" என்ற பதில் வரும். அம்மாவும் பெரியம்மாவும் போன வழியில் தானும் போவோம் என்று ஒவ்வொரு வலிக்கும் ஸ்கேன் எடுத்துக்கொண்டிருந்த பெண், இனி மற்றவர்களைப் போல் வழக்கமான பரிசோதனையோடு நிறுத்திக்கொள்ளலாம். அவளுடைய பிள்ளைகளுக்கும் அந்த வழியாக வராது. மிச்சமாகும் பணத்தை எண்ணிவிடலாம். தூக்கத்தைத்தான் எண்ண முடியாது.

பிறகு ஏன் சேதி நின்றுபோகிறது? கல்யாணம்தான் முதல் காரணம். "பொண்ணுக்கு வரன் பார்க்கிற நேரத்துல இதைப் போய் சொல்லிக்கிட்டு" என்ற ஒரு வாக்கியத்தில் மூன்று தலைமுறை மௌனமாகிவிடுகிறது. இதை மூடத்தனம் என்று ஒதுக்கிவிடுவது நியாயமல்ல. அந்தத் தாய் தன் மகளுக்காகப் பயப்படுகிறாள். அவள் பார்த்த உலகம் அந்தப் பயத்தைக் கற்றுக்கொடுத்திருக்கிறது. அடுத்தது, நோயாளிக்கே சேதி முழுதாகச் சொல்லப்படாதது. அறிக்கையை வாங்குவது கணவரோ மைத்துனரோ. அது ஆங்கிலத்தில் இருக்கிறது. கோப்பு பரண் மேல் ஏறுகிறது. சொல்ல வேண்டிய இடமோ அவளுடைய தாய் வீடு. அங்கே அண்ணனிடம் சொன்னால் அண்ணி வரை போகும், அண்ணி வழியாக ஊர் முழுக்கப் போகும் என்ற கூச்சம். சொத்துத் தகராறில் பேச்சு நின்றுபோன சித்தி வீட்டுக்கு யார் போய்ச் சொல்வது? கூடவே ஒரு குற்றவுணர்ச்சி: நான்தான் என் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டேனோ. கீமோதெரபியின் மூன்றாவது சுற்றில் இருக்கும் ஒரு பெண்ணின் தலையில் இவ்வளவையும் ஏற்றிவிட்டு, "உங்கள் உறவினருக்குச் சொல்லிவிடுங்கள்" என்று ஒரு வரியில் அனுப்புவது மருத்துவம் செய்யும் பெரிய தவறு.

சில நாடுகள் சட்டத்தைக் கொண்டுவந்தன. பிரான்சில் உறவினருக்குத் தெரிவிப்பது நோயாளியின் கடமை. தானே சொல்ல விரும்பாவிட்டால், தன் பெயர் வெளியே தெரியாமல் மருத்துவர் சொல்லும்படி கேட்கலாம். கடமையை இங்கே சட்டமாக்க வேண்டியதில்லை. அந்த இரண்டாம் பாதி மட்டும் நமக்கு மிகவும் வேண்டியது. சண்டை போட்ட சித்தியிடம் பேச முடியாதவர்களுக்கு, பெயர் சொல்லாமல் பேசக்கூடிய ஓர் இடைநபர் பெரிய உதவி.

அவர் கையில் ஒரு பக்கக் கடிதம் இருக்க வேண்டும். எளிய தமிழில், பயமுறுத்தாமல், இப்படி: "உங்கள் ரத்த உறவினர் ஒருவருக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பை அதிகப்படுத்தும் மரபணுக் கோளாறு இருப்பது தெரியவந்திருக்கிறது. உங்களுக்கும் அது இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இருந்தாலும் நோய் வந்தே தீரும் என்று பொருளல்ல. ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். செய்துகொள்வதும் வேண்டாம் என்பதும் உங்கள் விருப்பம். இந்த எண்ணில் கூப்பிட்டால் பேசலாம். நீங்கள் கேட்டதை வேறு யாரிடமும் சொல்ல மாட்டோம்."

முகவரிகளுக்கும் பஞ்சமில்லை. ஏறக்குறைய எல்லா வீட்டிலும் மொய் நோட்டு இருக்கிறது. யார், எந்த ஊர், யாருடைய மகன் என்று கல்யாணத்துக்குக் கல்யாணம் எழுதி வைத்த உறவுப் பட்டியல் அது. "தாய் வழியில் புற்றுநோய் உண்டா" என்று வெளிநோயாளி வரிசையில் கேட்டால் "இல்லை" என்றே பதில் வரும். மொய் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, இந்த மாமா இப்போது எங்கே, அந்த அத்தை எந்த வயதில் இறந்தார் என்று ஒவ்வொரு பெயராகக் கேட்டால் படம் தானாக விரியும்.

ஆனால் சேதி சொல்லிவிட்டுக் கைவிடக் கூடாது. கோளாறு உள்ள பெண்ணுக்கு ஆண்டுக்கு ஒருமுறை மார்பக எம்.ஆர்.ஐ. பரிந்துரைக்கப்படுகிறது. அதற்கு வரிசை கிடைக்காது, போக ஒரு நாள் கூலி போகும், துணைக்கு வருகிறவர் கூலியும் போகும் என்றால் அவளுக்குத் தந்தது பயம் மட்டும்தான். மேலே போட்ட கணக்கில் இந்தத் தொடர்செலவு சேரவில்லை. நேர்மையான திட்டம் எதுவும் அதை ஒதுக்கி வைக்காமல் தொடங்கக் கூடாது. காப்பீட்டுப் பயமும் உண்மையானது. மரபணு நோய்களைக் காப்பீட்டிலிருந்து மொத்தமாக விலக்குவது பாகுபாடு என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், மரபணு நோயைக் காரணம் காட்டிக் கோரிக்கைகளை நிராகரிக்கக் கூடாது என்று நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. அமெரிக்காவில் 2008 முதல் இருப்பதுபோல் மரபணுப் பாகுபாட்டைத் தடுக்கும் தனிச் சட்டம் இங்கே இன்னும் இல்லை. அது வரும்வரை ரகசியம் காப்பதே ஆலோசகர் தரக்கூடிய பாதுகாப்பு.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் நோய் வந்த குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை தருகிறது. 2021 ஆகஸ்ட் முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் பணியாளர்கள் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரைகளோடு வீடு வீடாகப் போகிறார்கள். சிகிச்சைக்கு ஒரு தலைப்பில் பணம் இருக்கிறது, வாசல் வரை போக ஆளும் இருக்கிறார்கள். சேதி சொல்வதற்கு மட்டும் எந்தத் தலைப்பிலும் பணம் இல்லை. ஒரு நோயாளிக்கு மரபணுக் கோளாறு உறுதியானால், அவருடைய உறவினருக்கான ஆலோசனை, கடிதம், ஓரிடப் பரிசோதனை, பேருந்துக் கட்டணம் ஆகியவற்றை அதே சிகிச்சையின் பகுதியாகக் காப்பீடு ஏற்க வேண்டும். வீட்டுக்குப் போகும் பணியாளரிடம் இதை ஒப்படைப்பதா என்பதில் மட்டும் எச்சரிக்கை தேவை. அவர் பெரும்பாலும் அதே ஊர்க்காரர், ரகசியம் அங்கேதான் முதலில் உடையும். வெளியூர் ஆலோசகர் தொலைபேசியில் பேசி, ரத்தம் மட்டும் உத்திரமேரூர் அரசு மருத்துவமனையில் எடுக்கப்பட்டு அனுப்பப்பட்டால், சென்னைக்கு ஒரு நாள் பயணமும் மிச்சம், அக்கம்பக்கத்தார் கேள்வியும் மிச்சம்.

தொடங்கும் இடத்தையும் சுருக்கிக்கொள்ளலாம். சினைப்பைப் புற்றுநோய் உள்ள பெண்கள் எல்லோருக்கும் மரபணுப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது இன்று ஏற்கப்பட்ட மருத்துவ நெறி. அவர்களின் எண்ணிக்கை மார்பகப் புற்றுநோயாளிகளைவிடக் குறைவு, மரபுவழிக் கோளாறு இருக்கும் விகிதமோ அதிகம். மாவட்டத்தில் அந்த நோயாளிகளிலிருந்து ஆரம்பித்து, பிறகு 40 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் கண்டவர்கள், 50-க்குள் குடல் புற்றுநோய் கண்டவர்கள் என்று விரிக்கலாம். முதல் பேச்சில் "வேண்டாம்" என்ற உறவினரை ஓராண்டு கழித்து ஒருமுறை மட்டும் மறுபடி கூப்பிட வேண்டும். கல்யாணம் முடிந்திருக்கும், பிள்ளை பிறந்திருக்கும், பதிலும் மாறியிருக்கலாம். அப்போதும் வேண்டாம் என்றால் எண்ணைக் கொடுத்துவிட்டு நிறுத்திக்கொள்ள வேண்டும்.